நண்டு நோட்டின் பின்பக்கம்

இரவு ஒன்றரை. அங்கே பட்டப்பகல்.
தொப்பிக்கடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் பையன்கள்.
இங்கே, வேதாளையில்,
கச்சான் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
மாசி டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசி
ரெண்டு தரம் குப்புற விழுந்துவிட்டது.
நடுவில் ஒரு குறுஞ்செய்தி:
இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது.
எங்கேயும் வரவில்லை ஐயா,
இதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் பெரிய அணிக்குப் போகப்போகிறவர்கள்.
போவார்கள் என்று சொல்லப்படுகிறவர்கள்.
இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் பேஸ்பால் நடக்கிறது.

நோட்டு கம்பெனியுடையது.
முன்பக்கமிருந்து நண்டு:
வள்ளம், ஆள், கிலோ, பொடி, கழிவு.
பின்பக்கமிருந்து இது.

நாப்பத்து மூணு. இடக்கை.
வேகம் இருக்கு.
வளைச்சுப் போடுறதுக்கு முன்னாடி
தோளை ஒரு மயிரளவு இறக்கிடுறான்.
கண்டுபிடிச்சா அவ்வளவுதான்.

பதினேழு. அடிக்கிற கை. ஓடுற கால் இல்லை.

அவுட்டுக்கு என் கணக்கில் ரெண்டு பேர்:
வீசிப் போனான்.
பார்த்துப் போனான்.
மூன்றாவது பந்து வருவதை
பேட்டைத் தோளில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்று,
அப்படியே திரும்பி நடப்பவனை எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் மெதுவாகப் போகிறது.

சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்,
அவர் நாலு மணிக்குக் கடலுக்குப் போகவேண்டும்.
இருந்தாலும் கேட்சர் பந்தை வாங்கும் ஒவ்வொரு தடவையும்
என் இடது உள்ளங்கையில்,
ஆள்காட்டி விரல் முளைக்கும் இடத்தில்
விண்ணென்று தெறிக்கிறது.

பதினாறு வயதில் அங்கேதான் வாங்கினேன்.
சாஃப்ட்பால். பேருதான் சாஃப்ட்.
ராம்நாட்டில் மாவட்டத் தேர்வு,
ஒரே கிளவுஸ், எங்கள் நாலு பேருக்கும்,
அடுத்தவள் வேர்வை காயுமுன் என் கை.
மேசையில் ஒருவர் பச்சை மையில் எழுதிக்கொண்டிருந்தார்.
தலைகீழாகப் படிக்க அன்றைக்குத்தான் பழகினேன்:
கை சுத்தம். எறி சுத்தம். உயரம் பத்தாது.

அவர் பொய் எழுதவில்லை.
அதுதான்.

அஞ்சாம் நம்பர்க்காரன்
ரெண்டாவது பேஸுக்குப் பக்கத்தில்
பக்கத்து வீட்டுச் சட்டை போட்டவன் மாதிரி நிற்கிறான்.
அஞ்சரை அடி என்று திரையில் காட்டுகிறார்கள்,
காட்டியதைத் திரும்பவும் காட்டுகிறார்கள்.
நானும் எழுதினேன். உயரம் பத்தாது.
பேனாவுக்குத் தயவு கிடையாது,
காலையில் பொடி நண்டைப் பொடி என்றுதானே எழுதுகிறேன்.

ஆறாவது இன்னிங்ஸ்.
ஒருவன் அறைந்த பந்து
கோடு கிழித்த மாதிரி அவன் தலைக்கு மேல்.
குதித்தான்.
கிளவுஸின் நுனியில்,
வலையில் ஒரு கண்ணில் மாட்டிய காரல் போல
பந்து பாதி வெளியே, பாதி உள்ளே.

அடிக்கவில்லை எழுதியதை.
பக்கத்தில் சேர்த்தேன்:
பத்துச்சு.

அதோடு படம் உறைந்தது.
அன்றன்றைக்குள்ள டேட்டா தீர்ந்தது என்று சேதி.
யார் ஜெயித்தார்கள் தெரியாது.
வாயைத் திறந்தபடி நின்றுவிட்ட அந்தப் பையனை
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆறரைக்குக் கம்பெனியில்
சீனி நைனா மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு
நோட்டைத் தப்பான பக்கம் பிரித்தார்.
ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
"ஏம்மா ஜெய்லானி,
நாப்பத்து மூணு எந்த வள்ளம்?
தோளை இறக்குறான்னு போட்டிருக்கே,
தராசுல கை வைக்கிறானா?"

நண்டின் கொடுக்கில் ரப்பர் மாட்டிக்கொண்டே சொன்னேன்:
"இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லமுடியாது மாமா.
கவனிச்சுக்கிட்டு இருக்கேன்."